வடகிழக்குப் பருவமழைக்கு முன்: குழிக்குள் எவரும் இறங்கக் கூடாது

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20ஆம் தேதியை ஒட்டித் தொடங்குவது இயல்பு. சென்னையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அதற்குப் பிறகு டிசம்பர் முடிவதற்குள் பெய்துவிடுகிறது. ஆகவே புரட்டாசியில் எஞ்சியிருக்கும் நாட்களே, நகரின் வயதான பொதுக் கட்டமைப்புகளை, அதாவது பாதாளச் சாக்கடை, மழைநீர் வடிகால், பாலம், சுரங்கப்பாதை, பொதுக் கட்டடம் ஆகியவற்றை, சோதித்துச் சரிசெய்யக் கிடைக்கும் கடைசி உலர்ந்த நாட்களாகும். 2015, 2021, 2023 ஆகிய ஆண்டுகளின் வெள்ளங்களைக் கண்ட பிறகும், முதல் மழை பெய்து தெருவில் தண்ணீர் நின்ற பின்னரே மண்வெட்டியைத் தேடும் பழக்கம் முழுதாக ஒழியவில்லை. சாலையும் வீடும் அதற்குக் கொடுக்கும் விலையை எல்லோரும் அறிவர்; அடைத்துக்கொண்ட குழிக்குள் அவசரமாக இறக்கப்படும் தொழிலாளி கொடுக்கும் விலை மறுநாள் நாளிதழில் நான்கு வரியோடு முடிந்துவிடுகிறது. இந்த ஆலோசனையில் வேறு எது மறந்தாலும் ஒன்று மறக்கப்படக் கூடாது: கழிவுநீர்க் குழிக்குள் எவரும் இறங்கக் கூடாது.

வழக்கமான பணிகளைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். மழைநீர் வடிகால்களின் வண்டல் வடிகட்டித் தொட்டிகள் காலி செய்யப்பட வேண்டும். அள்ளிய மண் அன்றே லாரியில் ஏற்றப்பட வேண்டும், ஓரத்தில் குவித்த மண் முதல் மழையிலேயே வந்த வழியே திரும்பிவிடும். வடிகால் கால்வாயில் சேரும் வாய்ப்பகுதிகளில் ஆகாயத்தாமரையும் குப்பையும் அகற்றப்பட வேண்டும். சுரங்கப்பாதைகளின் நீரிறைக்கும் மோட்டார்கள் அரை மணி நேரமாவது ஓட்டிப் பார்க்கப்பட வேண்டும், ஜெனரேட்டரில் டீசல் இருக்க வேண்டும். தெருவோர மின்பெட்டிகளின் கதவுகள் பூட்டப்பட்டு, பெட்டிகள் கடந்த வெள்ளம் நின்ற மட்டத்துக்கு மேல் உயர்த்தப்பட்டு, நில இணைப்பு சோதிக்கப்பட வேண்டும். மின்கம்பியில் உரசும் கிளைகள் வெட்டப்பட வேண்டும். தூர்வாரியதற்குச் சான்றாக வண்டல் ஆழத்தை அளவுகோலால் அளந்து எழுதிய எண்ணே ஏற்கப்பட வேண்டும். ‘பணி முடிந்தது’ என்ற முத்திரையைத் தண்ணீர் மதிப்பதில்லை.

பாலங்களில் முதலில் பார்க்க வேண்டியது மேல்தளத்தை அல்ல, தூணின் அடியை. வெள்ளம் தூணைச் சுற்றியுள்ள மண்ணை வாரிச் சென்று அடித்தளத்தை வெறுமையாக்குவது அரிமானம் எனப்படும். அரிமானம் கண்ட பாலமும் மேலிருந்து பார்ப்பவருக்கு நேராகவே நிற்கும். மகாராஷ்டிரத்தின் மகாட் அருகே சாவித்திரி ஆற்றின் மேல் 1928இல் கட்டப்பட்ட கல் வளைவுப் பாலம், 2016 ஆகஸ்ட் 2ஆம் தேதி இரவு வெள்ளத்தில் இடிந்து, இரண்டு அரசுப் பேருந்துகள் ஆற்றோடு போயின. ஆறு வற்றியிருக்கும்போதே தூணடி மண்ணின் மட்டம் அளக்கப்பட்டு முந்தைய ஆண்டின் அளவோடு ஒப்பிடப்பட வேண்டும். முந்தைய அளவே இல்லையெனில் இவ்வாண்டு எடுப்பதே முதல் அளவாக இருக்கட்டும்.

கட்டடங்களைப் பொறுத்தவரை, கடற்கரை நகரத்தின் உப்புக்காற்று கான்கிரீட்டுக்குள் புகுந்து கம்பியைத் துருப்பிடிக்கச் செய்கிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்பதால், மேலிருக்கும் பூச்சு உப்பி, கம்பி போகும் கோட்டிலேயே விரிசல் விடுகிறது. சிறு சுத்தியலால் தட்டும்போது கெட்டியான கான்கிரீட் கணீரென்று ஒலிக்கும், உள்ளே பிரிந்தது பொத்தென்று ஒலிக்கும். பழைய குடியிருப்புகளின் சன்ஷேடுகளும் பால்கனிகளும் இவ்வாறு தட்டிப் பார்க்கப்பட வேண்டும். 2021 டிசம்பர் 27ஆம் தேதி திருவொற்றியூரில் இருபதுக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட குடியிருப்புக் கட்டடம் ஒன்று சரிந்தபோது உயிர்ச்சேதம் ஏற்படாததற்குக் காரணம், விரிசலைக் கண்ட மக்கள் அதை அலட்சியப்படுத்தாமல் வெளியேறியதே. விரிசலின் மேல் சுண்ணாம்பு அடித்து மறைப்போர் அந்த எச்சரிக்கையை அழிக்கிறார்கள்.

இனி, மண்ணுக்குள் இருக்கும் குழாய்கள். சென்னையின் பாதாளச் சாக்கடை அமைப்பு, 1961இல் நகரின் மக்கள்தொகை 6.6 லட்சமாக இருக்கும் என்ற கணிப்பின் பேரில் 1910இல் வடிவமைக்கப்பட்டது. 1961ஆம் ஆண்டின் கணக்கெடுப்பிலோ நகரின் மக்கள்தொகை 17 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அதன்பின் குழாய்கள் பல முறை நீட்டிக்கப்பட்டு, பல இடங்களில் மாற்றப்பட்டு, செங்கல், சுட்ட களிமண், வார்ப்பிரும்பு, கான்கிரீட் என ஒவ்வொரு காலத்தின் பொருளும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால், எந்தத் தெருவின் கீழ் எந்த வயதுடைய குழாய் ஓடுகிறது என்பதைப் பகுதிப் பொறியாளர் வரைபடத்தில் குறித்து வைத்திருப்பதே மதிப்பீட்டின் முதல் படி. மொட்டைமாடி மழைநீரைக் கழிவுநீர்க் குழாயோடு இணைத்துவிடும் வீடுகள், ஏற்கெனவே நிறைந்தோடும் இக்குழாய்களை மழை நாளில் பொங்க வைக்கின்றன. அத்தகைய இணைப்புகள் இந்த மாதமே துண்டிக்கப்பட வேண்டும்.

குழாயின் முதுமைக்கும் தொழிலாளியின் மரணத்துக்கும் ஒரே காரணம் இருப்பதைப் பலர் அறிவதில்லை. கழிவுநீர் மெதுவாக ஓடும் இடங்களிலும் அடியில் சேறு படியும் இடங்களிலும், பிராணவாயு இன்றி வாழும் நுண்ணுயிர்கள் நீரிலுள்ள சல்பேட்டைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை உண்டாக்குகின்றன. அந்த வாயு மேலெழுந்து குழாயின் ஈரமான மேற்கூரையில் ஒட்ட, அங்குள்ள வேறு நுண்ணுயிர்கள் அதைக் கந்தக அமிலமாக மாற்ற, அமிலம் சிமெண்டைத் தின்று ஜிப்சம் எனும் வெண்ணிறக் குழம்பாக்குகிறது. இதனால் கான்கிரீட் குழாய் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர் வரைகூடத் தேய்கிறது. கூரை மெலிந்து உடையும்போது மேலிருக்கும் மண் உள்ளே சரிந்து, சாலைக்கு அடியில் வெற்றிடம் உண்டாகி, ஒரு மழை இரவில் சாலை உள்வாங்குகிறது. குழாயைத் தின்னும் அந்த வாயுவே குழிக்குள் இறங்கும் மனிதரின் மூச்சையும் நிறுத்துகிறது. ஆகவே அரித்துப்போன குழாய் உள்ள இடம், ஆளைக் கொல்லும் காற்று உள்ள இடம் என்றே கொள்ளப்பட வேண்டும்.

இந்த அரிப்பை அறிய உள்ளே போக வேண்டியதில்லை. மூடியைக் கருவியால் தூக்கி, தெருவில் நின்றபடியே டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், கழுத்துப் பகுதியின் செங்கற்களுக்கு இடையே சாந்து வெளுத்து, ஈர மாவைப் போல் பிதுங்கியிருப்பது தெரியும். நீண்ட கம்பியின் முனையால் சுரண்டினால் அது தயிர்க்கட்டியாக உதிரும். சுவரில் பதித்த இரும்புப் படிகள் பென்சில் பருமனுக்கு மெலிந்தும், சில இடங்களில் இரண்டு துருக் குச்சிகள் மட்டும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டும் இருக்கும். வேறு அடையாளங்களும் உண்டு: ஒரே இடத்தில் ஆண்டுக்கு இருமுறை தார் ஒட்டுப் போட வேண்டியிருப்பது, குழாய் செல்லும் வரிசையிலேயே சாலை பள்ளமாக அமுங்குவது, கழிவுநீர் உந்து நிலையத்தின் தொட்டியில் வழக்கத்தைவிட அதிகமாக ஆற்று மணல் போன்ற மண் சேர்வது. கடைசியாகச் சொன்னதை உந்து நிலைய ஊழியர்கள் நன்கறிவர், ஆனால் அவர்களிடம் கேட்பவர்தான் குறைவு. சந்தேகமுள்ள பகுதிகளில், சக்கரம் பொருத்திய கேமராவைக் குழாய்க்குள் அனுப்பிப் படமெடுத்து, மோசமானவற்றை முதலில் மாற்றும் வரிசைப் பட்டியல் தயாரிக்கப்பட வேண்டும்.

ஆனால் எந்தக் கட்டத்திலும், எந்தக் காரணத்துக்காகவும், எவரும் குழிக்குள் இறங்கக் கூடாது. பார்ப்பதற்காகவும் கூடாது, விழுந்த வாளியை எடுப்பதற்காகவும் கூடாது, ‘இடுப்பு வரைதான்’ என்றாலும் கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு, காற்றில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். ஏறத்தாழ 100 பங்கை எட்டும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. 500 பங்கைக் கடந்தால் சில நிமிடங்களில் நினைவு தப்பும். 1000 பங்கில் ஓரிரு மூச்சே போதும். நாற்றம் நின்றுவிட்டது, இனி இறங்கலாம் என்று சொல்லும் மேஸ்திரி, நாற்றம் நின்றதன் பொருளை அறியாதவர். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமான வாயு என்பதால் அடியிலேயே தங்கும். சேற்றுக்குள் சிறைப்பட்டிருப்பது, மண்வெட்டியால் கிளறிய கணத்தில் குபீரென்று வெளிவரும். எனவே வாயு அளக்கும் கருவி மேலே காட்டிய பாதுகாப்பான எண், கீழே வேலை தொடங்கிய பின் செல்லாது.

கரப்பான்பூச்சி உயிரோடு ஓடினால் காற்று நல்லது என்று சொல்வதும், தீக்குச்சியைக் கொளுத்திப் போட்டுப் பார்ப்பதும் இன்னும் நடக்கின்றன. கரப்பான்பூச்சி மனிதரல்ல. குழிக்குள் மீத்தேன் வாயுவும் இருக்கக்கூடும். காற்றில் அது நூற்றுக்கு 5 முதல் 15 பங்கு வரை கலந்திருக்கும்போது ஒரு தீக்குச்சி அக்குழியை வெடிகுண்டாக்கும். இவ்வளவு ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட பிறகும் இதைச் சோதனை என்று அழைப்போருக்கு எளிய விளக்கம் எதுவும் மீதமில்லை.

இம்மரணங்கள் பெரும்பாலும் ஒன்றோடு நிற்பதில்லை. முதலில் இறங்கியவர் சரிந்ததைக் கண்டு, பதறி, மூச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாமவர் இறங்குகிறார். அவரைத் தூக்க மூன்றாமவர். இவர்கள் அண்ணன் தம்பியாகவோ தகப்பன் மகனாகவோ இருப்பதும் உண்டு. எனவே உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால், வெளியே இருப்போர் இறங்காமல், உடனே தீயணைப்புத் துறையை 101 அல்லது 112 எண்ணில் அழைத்து, சுற்றிலுமுள்ள மூடிகளைத் திறந்து, காற்று ஊதும் இயந்திரம் இருந்தால் வெளிக்காற்றை உள்ளே செலுத்த வேண்டும். சுவாசக் கருவி அணியாமல் காப்பாற்ற இறங்குபவர் அடுத்த பிணமாகவே மேலே வருவார்; கடுஞ்சொல்தான், ஆனால் மென்மையாகச் சொல்லிச் சொல்லி யாரும் நிற்கவில்லை.

சட்டத்திலும் குழப்பம் இல்லை. கையால் மலம் அள்ளும் பணியைத் தடைசெய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கழிவுநீர்க் குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் ஆபத்தான முறையில் ஆளை இறக்குவதை எவருக்கும், அதாவது அரசு அமைப்பு, ஒப்பந்ததாரர், வீட்டு உரிமையாளர் ஆகிய அனைவருக்கும், தடை செய்கிறது. முதல் குற்றத்துக்கு இரண்டு ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். மறுமுறை செய்தால் ஐந்து ஆண்டும் 5 லட்சமும் வரை. அச்சட்டத்தின் விதிகள் அனுமதிக்கும் மிகச் சில விதிவிலக்குகளுக்கும் உயர் அதிகாரியின் எழுத்து மூலமான முன் ஒப்புதலும் முழுப் பாதுகாப்புக் கருவிகளும் கட்டாயம். தொலைபேசியில் சொன்ன ‘சரி’ ஒப்புதல் ஆகாது. உச்ச நீதிமன்றம் 2014இல் ஒவ்வொரு மரணத்துக்கும் 10 லட்சம் என வரையறுத்த இழப்பீட்டை 2023 அக்டோபரில் 30 லட்சமாக உயர்த்தியது. 2023ஆம் ஆண்டின் மத்திய பட்ஜெட் உரையிலேயே ‘மேன்ஹோல்’ என்பது ‘மெஷின்ஹோல்’ ஆக மாற வேண்டும் என்று அறிவிக்கப்பட்டது. பெயர் மாறிவிட்டது, ஆனால் 1993 முதலான அரசுக் கணக்கில், நாட்டிலேயே இத்தகைய மரணங்கள் மிக அதிகமாகப் பதிவான மாநிலம் தமிழ்நாடு.

ஆளுக்கு மாற்று இல்லை என்ற சாக்கும் செல்லாது. உயர் அழுத்த நீரைப் பாய்ச்சி அடைப்பை உடைக்கும் ஜெட்ராடிங் வாகனம், சேற்றை உறிஞ்சும் சூப்பர் சக்கர் வாகனம், கயிற்றில் வாளியைக் கட்டி இழுத்துத் தூர்வாரும் இயந்திரம் ஆகியவை நகரில் உள்ளன. கேரளத்தில் உருவான பேண்டிகூட் என்ற இயந்திரம் 2018 முதல் குழிக்குள் கையை விட்டுச் சேற்றை அள்ளித் தருகிறது. சந்து குறுகல், வண்டி நுழையாது என்பது உண்மையான சிக்கலே. அதற்குரிய விடை நீண்ட குழாயும் சிறிய வண்டியும் இப்போதே கேட்டு வாங்கி வைப்பதாகும். மழை நாள் இரவில், தெருவெல்லாம் கழிவுநீர் பொங்க, குடியிருப்போர் சங்கச் செயலாளர் கத்த, ஒப்பந்ததாரர் ஆயிரம் ரூபாயை நீட்டும் நேரத்தில் அந்தச் சிக்கலுக்கு விடை தேட முடியாது. வறண்ட நாளில் இயந்திரம் ஓடாத ஒவ்வொரு குழியிலும் மழை நாளில் ஒரு மனிதரை இறக்கச் சொல்லும் குரல் எழும்.

அடுக்ககங்களின் கழிவுநீர்த் தொட்டிகளுக்கும் இவை அனைத்தும் பொருந்தும். தெருவில் போகும் ஒருவரைக் கூப்பிட்டுத் தொட்டியைக் கழுவச் சொல்லும் உரிமையாளர், உரிமம் பெற்ற லாரிக்குக் கொடுக்க வேண்டிய கூலியை மிச்சப்படுத்துவதாக எண்ணுகிறார். சட்டத்தின் பார்வையில் அவரும் குற்றவாளியே. மழைநீர் வடிகாலில் கழிவுநீர் கலந்துள்ள இடங்களில் மூடிய வடிகாலும் இதே ஆபத்துடையது என்பதால், அதற்குள்ளும் ஆள் புகக் கூடாது.

கடைசியாக ஒன்று: தெருவில் தேங்கிய நீரை வடிப்பதற்காகப் பொதுமக்கள் சாக்கடை மூடியைத் திறந்துவிடுவது நிற்க வேண்டும். நீருக்கடியில் திறந்து கிடக்கும் குழி, பின்னால் நடந்துவரும் பள்ளிச் சிறுவனுக்குத் தெரியாது. உடைந்த மூடியைக் கண்டால் கம்பு நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிட்டு அன்றே தெரிவிக்க வேண்டும். தேங்கிய நீர், வடிகால், விழுந்த மரம் ஆகியவற்றுக்குச் சென்னை மாநகராட்சியின் எண் 1913. கழிவுநீர் அடைப்புக்கும் தொட்டி தூய்மைக்கும் 14420. வண்டி வர ஒரு நாள் தாமதமானாலும் காத்திருக்க வேண்டும், அதுவரை எவரும் குழிக்குள் இறங்கக் கூடாது.