பணம் போச்சு, கணக்கில் ஏறலை: அந்த இடைவெளியில் ஒரு வேலை

ஆட்டையாம்பட்டியில் கைமுறுக்கு சுற்றும் ஒரு பெண், வாரக்குழுக் கடனுக்கு ஜிபேயில் தவணை கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். செல்பேசியில் பச்சை டிக் விழுந்துவிட்டது. வசூலுக்கு வந்த ஃபீல்டு ஆபீசரின் டேப்லெட்டிலோ 'நிலுவை' என்றே காட்டுகிறது. "நான் அப்பவே கட்டிட்டேனுங்க சார்." "சிஸ்டத்துல ஏறலைங்கக்கா." பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் மீட்டிங்கில் இது மானப் பிரச்சினை.

அக்கா மீதும் தப்பில்லை, ஆபீசர் மீதும் தப்பில்லை. பணத்தைக் கொண்டுபோவது ஒரு மென்பொருள், கடன் கணக்கை வைத்திருப்பது வேறொரு மென்பொருள். இரண்டுக்கும் நடுவில் செய்தி தவறிவிட்டது. அதைத் தவறாமல் சேர்ப்பவருக்கு ஃபின்டெக் நிறுவனங்களில் இன்டக்ரேஷன் இன்ஜினியர் என்று பெயர். சேலம், நாமக்கல் பக்கம் பி.இ.யோ எம்.சி.ஏ.வோ முடித்துவிட்டு, எல்லாரையும் போல ஒரு ஷாப்பிங் வெப்சைட்டை ப்ராஜெக்டாகத் தூக்கிக்கொண்டு நேர்காணலுக்குப் போகிறவர்கள், அதை ஓரமாக வைத்துவிட்டு இந்த இணைப்பைச் செய்து பார்க்கலாம். தேவையான மென்பொருள்கள் திறந்த மூலம்; காசு கேட்பதில்லை.

கடன் கணக்குப் பக்கத்துக்கு அப்பாச்சி ஃபினரேக்ட். நுண்கடன் நிறுவனங்களுக்காக கிராமீன் ஃபவுண்டேஷன் தொடங்கிய மிஃபோஸ் திட்டத்திலிருந்து வந்தது இது. பெங்களூரின் கிராமீன் கூட்டா அதைத் தொடக்கத்திலேயே பயன்படுத்திய நிறுவனங்களில் ஒன்று. 2011இல் மிஃபோஸ் தனி அமைப்பானது. அதன் மைய நிரல் 2015 டிசம்பரில் அப்பாச்சி இன்குபேட்டருக்குள் போய், 2017இல் முழுத் தகுதி பெற்ற அப்பாச்சி திட்டமாக வெளியே வந்தது. இதில் நிறைய நிரல் எழுதிய பெங்களூர் கான்ஃப்ளக்ஸ் நிறுவனத்தார் உருவாக்கியதுதான் ஃபின்ஃப்ளக்ஸ் என்ற கடன் மென்பொருள். 2022இல் அதை வாங்கியது சென்னையின் எம்2பி ஃபின்டெக். இலவச நிரலில் கை பழகினால் சம்பளம் யார் தருவார்கள் என்று வீட்டில் கேட்டால், இந்த வரலாற்றைச் சொல்லுங்கள்.

பணம் போகும் பக்கத்துக்கு மோஜாலூப். கேட்ஸ் அறக்கட்டளை 2017 அக்டோபரில் வெளியிட்டது. 2020இல் அதற்கென்றே தனி அறக்கட்டளை அமைந்தது. இரண்டையும் இணைக்க மிஃபோஸ்காரர்களே பேமெண்ட் ஹப் இ.இ. என்ற ஒன்றை எழுதி வைத்திருக்கிறார்கள்.

நம் ஊரில் ஓடுவது யுபிஐ ஆயிற்றே, மோஜாலூப் எதற்கு? நியாயமான கேள்வி. 2016இல் என்பிசிஐ கொண்டுவந்த யுபிஐயின் உள்நிரல் பொதுவில் இல்லை. வங்கி ஒன்றின் வழியாக, சான்று பெற்றுத்தான் அதில் சேர முடியும். கல்லூரி மாணவர் நேரடியாகக் கை வைக்க வழியில்லை. மோஜாலூப்பில் அனுப்பும் வங்கி, நடுவில் இருக்கும் ஸ்விட்ச், பெறும் வங்கி மூன்றையும் திறந்து பார்க்கலாம். முதலில் பெறுபவரின் கணக்கு எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்று தேடுவது, பிறகு கட்டணம் உள்ளிட்ட விவரங்களில் இரு தரப்பும் ஒத்துக்கொள்வது, அதன்பின் தொகையை ஒதுக்கிவைத்து மாற்றுவது என்று ஒவ்வொரு படியும் தனியாகத் தெரியும். முழு மோஜாலூப்பையும் நிறுவப் போனால் உங்கள் மடிக்கணினி திணறும். அதன் டெஸ்டிங் டூல்கிட்டிலிருந்து தொடங்குங்கள்.

இனி வேலை. ஃபினரேக்டை டாக்கரில் ஏற்றி, வாரத் தவணைக் கடன் ஒன்றை உருவாக்குங்கள்: 25,000 ரூபாய், 50 வாரம். பத்துக் கற்பனைப் பெயர்களுக்கு அதை வழங்கி, ஏபிஐ வழியாகத் தவணையை வரவு வையுங்கள். இது ஒரு வாரத்தில் கைகூடும். பெரும்பாலானோர் இங்கேயே திரைப்பதிவு எடுத்து லிங்க்டுஇனில் போட்டுவிட்டு நின்றுவிடுகிறார்கள். உண்மையில் இதற்குப் பிறகுதான் பாடமே. எல்லாவற்றையும் வேண்டுமென்றே கெடுத்துப் பாருங்கள்.

ஒரே பணத்துக்கு இரண்டு முறை செய்தி வரட்டும். பேமெண்ட் கேட்வேக்கள் அனுப்பும் வெப்ஹுக் செய்தி சில நேரம் இருமுறை வரும், முன்பின்னாகவும் வரும். ஒவ்வொரு பரிமாற்றத்தின் தனி எண்ணையும் பதிந்து வைத்து, அதே எண் மறுபடி வந்தால் வரவு வைக்காமல் 'ஏற்கெனவே ஏறியது' என்று பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 500 ரூபாய் கட்டியவருக்கு 1,000 ரூபாய் வரவாகும். மாத முடிவில் கிளை மேலாளர் தலையில் கை வைப்பார்.

அடுத்தது தேதி. திங்கள் இரவு கட்டிய பணம் புதன்கிழமை கணக்கில் ஏறுகிறது. புதன் தேதியைப் போட்டால் தாமத அபராதம் விழும். ஃபினரேக்டின் வழக்கமான வரிசையில் அபராதம், கட்டணம், வட்டி, அசல் என்றுதான் பணம் கழியும். ஆகவே அபராதம் இருபது ரூபாய் என்றால் அது முதலில் தின்றுவிட, தவணையில் அந்த இருபது ரூபாய் குறையும். நாணயமாகக் கட்டியவர் கடன் தகவல் நிறுவனத்தின் ஏட்டில் பாக்கிக்காரர் ஆகிவிடுவார். திங்கள் தேதியைப் போடுவதற்கு நிரலில் ஒரு வரி போதும். அந்த ஒரு வரியை எழுத வேண்டும் என்று தோன்றுவதற்குத்தான் குழுக்கடன் எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். வீட்டில் அம்மாவோ சித்தியோ வாரக்குழுவில் இருப்பவர் உங்களில் பலர். பெருநகரத்துப் பையனுக்குக் கிடைக்காத பாடம் அது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, பதிலே வராத நிலை. பணத்தை அனுப்பச் சொன்னீர்கள். போயிற்றா இல்லையா என்று தெரியவில்லை. நேர்காணலில் இதைக் கட்டாயம் கேட்பார்கள். 'மறுபடி அனுப்புவேன்' என்றால் அத்தோடு கதை முடிந்தது. அதே குறிப்பு எண்ணை வைத்து நிலையை விசாரிக்க வேண்டும். தெரியும்வரை தொகையை சஸ்பென்ஸ் கணக்கில் நிறுத்தி, அன்று மாலை இரு பக்கக் கணக்கையும் ஒப்பிட வேண்டும். ரீகான் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். கவர்ச்சியே இல்லாத வேலை. அதனாலேயே செய்யத் தெரிந்தவர்கள் குறைவு என்பது என் கணிப்பு.

நிரலோடு ரிசர்வ் வங்கி விதிகளும் கொஞ்சம் வேண்டும். 2019 செப்டம்பர் 20 சுற்றறிக்கைப்படி, தனிநபருக்கு யுபிஐயில் அனுப்பிய பணம் கழிந்தும் அவருக்குப் போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கட்டியதில் உறுதி வராவிட்டால் ஐந்து நாள் அவகாசம். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. 2022 மார்ச் நுண்கடன் விதிகளின்படி ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பமே அந்தக் கடனுக்குள் வரும். மாத வருமானத்தில் பாதிக்கு மேல் கடன் தவணைகளுக்குப் போகக் கூடாது. இந்த இரண்டையும் உங்கள் ப்ராஜெக்டில் சோதனைகளாகவே எழுதி வைக்கலாம்.

தனியார் நிறுவனம் மட்டுமே கதவு என்று நினைக்க வேண்டாம். நாடு முழுவதும் 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்க 2022 ஜூனில் 2,516 கோடி ரூபாய் திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. பக்கத்துச் சங்கச் செயலாளரிடம் ஒரு நாள் பேசிப் பாருங்கள். மாலையில் நகைக்கடன் வரவை அவர்கள் எப்படி நேர் செய்கிறார்கள் என்று கேட்டாலே அடுத்த ப்ராஜெக்டுக்கு விஷயம் கிடைக்கும்.

பயோடேட்டாவில் 'ஃபினரேக்ட் தெரியும்' என்று எழுதாதீர்கள். 'இரட்டை வரவைத் தடுத்தேன், தேதிப் பிழையால் விழும் அபராதத்தைச் சரிசெய்தேன், மாலைக் கணக்கு ஒப்பீட்டுக்கு அறிக்கை எழுதினேன்' என்று எழுதி, கிட்ஹப் முகவரியைக் கொடுங்கள். ஃபினரேக்டிலேயே சிறு பிழை ஒன்றைத் திருத்தி அது ஏற்கப்பட்டிருந்தால், அந்த இணைப்பு முதல் வரியில் இருக்கட்டும். ஆங்கிலம் தடுமாறினால் பரவாயில்லை. எந்த இடத்தில் பணம் நின்றது என்று பலகையில் படம் போட்டுக் காட்டத் தெரிந்தால் போதும்.

டெமோவில் மட்டும் உண்மையான ஆட்களின் பெயர், ஆதார் எண், செல்பேசி எண் வேண்டவே வேண்டாம். சித்தியின் பாஸ்புக்கைப் படம் எடுத்து நீங்கள் கிட்ஹப்பில் போட்டிருப்பதைப் பார்த்தால், நல்ல நிறுவனம் உங்கள் நிரலைத் திறக்காமலே அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடும்.