இடையன் செய்த யாழ்

யாழ் பழந்தமிழரின் நரம்புக் கருவி. பேரியாழும் சீறியாழும் பாணர்களின் கைகளில் ஒலித்தன. ஆனால், ஆநிரை மேய்க்கும் இடையனும் தனக்கென ஒரு யாழைச் செய்துகொண்டான் என்கிறது பெரும்பாணாற்றுப்படை. இது பத்துப்பாட்டு நூல்களுள் ஒன்று.

அந்த இடையன் குமிழ மரத்தின் உள்துளை உடைய கிளையை வில்லாக வளைத்தான், மரல் என்னும் செடியின் நாரை முறுக்கி நரம்பாகக் கட்டினான், விரலால் மீட்டினான். வண்டுகள் அதைத் தம் இனத்தின் ஒலி என்று எண்ணிச் செவிசாய்த்தனவாம்! இதுவே வில்யாழ்.

காலப்போக்கில் யாழ் வழக்கொழிந்தது. விபுலானந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து எழுதிய ‘யாழ் நூல்’ 1947ஆம் ஆண்டு வெளிவந்தது. நூலில் படித்ததைக் கையாலும் செய்து பார்க்கலாம்.

அலோர் காஜாவில் வாழும் மாணவர் குமிழ மரத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. மூங்கில் பிளாச்சு, தூண்டில் நைலான் கயிறு, காலிப் பால் டின் ஆகியவை போதும். பிளாச்சை வளைத்து, இரு முனைகளுக்கும் இடையே நீண்ட நரம்பை முதலில் கட்ட வேண்டும். அதற்கு உட்புறமாக, ஒன்றைவிட ஒன்று குட்டையாக மேலும் இரண்டு நரம்புகளைக் கட்ட வேண்டும். வில்லின் ஒரு முனையில் டின்னை இறுகப் பிணைத்தால் ஒலி பெருகும்.

நரம்பு குட்டையானால் சுருதி உயரும், தளர்ந்தால் தாழும். ஒரு நரம்பை இறுக்கும்போது வில் மேலும் வளைவதால், மற்ற நரம்புகள் தளர்ந்துவிடும். ஆகவே, மூன்றையும் மாறி மாறிக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். அன்று அந்த இடையனுக்கும் அவன் செவியே ஆசானாக இருந்திருக்கும்.