வேகக் காருக்கு ரேடியேட்டர் மாற்றுகிறீர்களா?

ஈ.சி.யு. ரீமேப் செய்து, பெரிய இன்டர்கூலர் மாட்டி, வாரக் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையிலோ செட்டிபாளையம் கரி டிராக்கிலோ நாலு சுற்று ஓட்டிவிட்டு வருகிறவர்கள் இப்போது நிறையப் பேர். குதிரைத்திறனைக் கூட்டிய கையோடு சூட்டைப் பற்றியும் யோசிப்பவர்கள் குறைவு. எரிகிற பெட்ரோலின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூலன்ட் வழியாகத்தான் வெளியே போயாக வேண்டும். சக்தி கூடினால் அந்தப் பங்கும் கூடும். ஒருநாள் டெம்பரேச்சர் முள் நடுக்கோட்டைத் தாண்டும். அன்று இரவே 'பெரிய அலுமினிய ரேடியேட்டர்' தேட ஆரம்பிப்போம். நானும் அப்படித் தேடியவன்தான். காசைக் கரைத்துக் கற்றுக்கொண்டதில் சில இங்கே.

1. சூடு எப்போது ஏறுகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். சிக்னலில் ஏ.சி. போட்டு நிற்கும்போது ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்கினால் கோளாறு பெரும்பாலும் ஃபேனில், அதன் ரிலேயில், அல்லது ஃபின்களில் அடைந்த தூசியில். நெடுஞ்சாலையில் நூறில் சீராகப் போகும்போது ஏறினால் ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று பாருங்கள். காலையில் ஸ்டார்ட் செய்த இரண்டு நிமிடத்திலேயே மேல் ஹோஸ் கல்லுபோல் இறுகினாலோ, கூலன்ட் டேங்கில் ஓயாமல் குமிழி வந்தாலோ ஹெட் காஸ்கெட்டைச் சந்தேகியுங்கள். அதற்கு எந்த ரேடியேட்டரும் மருந்தாகாது.

2. "தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடலாம் சார், நம்ம ஊர் வெயிலுக்கு எதுக்கு?" என்று சொல்லும் மெக்கானிக்கிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே நேரமாகும். இன்னும் குளிர்ந்தே இருக்கிறது என்று நினைத்து ஈ.சி.யு. பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றிக்கொண்டிருக்கும். பழையது சிக்கிக்கொண்டால் புதியது போடுங்கள், விலை அதிகமில்லை.

3. வாங்கும் முன் பழையதைக் கழுவிப் பாருங்கள். ஏ.சி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவே விரல் நுழையாத ஓர் இடைவெளி உண்டு. வேப்பிலை, பூச்சி, பாலிதீன் துண்டு, ஐந்து வருடத்துச் செம்மண் எல்லாம் அங்கேதான் குடியிருக்கும். ஃபேனைக் கழற்றிவிட்டு, இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாகச் சாதாரண ஹோஸால் தண்ணீர் அடியுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே கொண்டுபோனால் ஃபின்கள் மடங்கிவிடும். மூன்றில் ஒரு வண்டிக்காவது செலவு இதோடு முடிந்துவிடும் என்பது என் கணிப்பு.

4. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் அளவு டேப். கோரின் உயரம், அகலம், தடிமன். மேல் கீழ் ஹோஸ் வாய்களின் விட்டம். அவை இடப்பக்கமா வலப்பக்கமா. சென்சார் துளை, காற்று வெளியேற்றும் சிறு குழாய், வடிகால் திருகு எங்கே இருக்கின்றன. கீழே உட்காரும் முளைகளுக்கு இடையே எவ்வளவு தூரம். எல்லாவற்றையும் தாளில் குறித்து, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். "உங்க மாடலுக்கு அப்படியே உட்காரும்" என்ற விளம்பரத்தை நம்பி வாங்கி, பம்பர் பீமை அறுத்தவர்களை எனக்குத் தெரியும்.

5. தடிமன் பார்த்து மயங்காதீர்கள். இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

என் காரில் இருந்தது 26 மி.மீ. கோர். நான் வாங்கி மாட்டியது 52 மி.மீ. இரண்டு மடங்கு தடிமன், இரண்டு மடங்கு குளிர்ச்சி என்று கணக்கு. இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அருமையாக இருந்தது. எவ்வளவு மிதித்தாலும் 92 டிகிரிக்கு மேல் போகவில்லை. திரும்பும் வழியில் டோல்கேட் வரிசையில் ஏ.சி. போட்டு நின்றேன். பத்து நிமிடத்தில் 108. பழைய ரேடியேட்டரோடு நெரிசலில் அது நூறைத் தாண்டியதே இல்லை.

வீட்டுக்கு வந்து ஓர் ஏ4 தாளை எடுத்தேன். ஃபேன் ஓடும்போது கிரில்லைத் திறந்து கண்டென்சர் முன்னால் பிடித்தேன். பக்கத்து வீட்டில் நின்ற அதே மாடல் காரில் தாள் பசை போட்டதுபோல் ஒட்டிக்கொண்டது. என் காரில் மெதுவாகச் சரிந்து கீழே விழுந்தது. விஷயம் அவ்வளவுதான். கம்பெனி ஃபேன் மெல்லிய கோருக்காகச் செய்தது. அந்தத் தடிமன் வழியாகக் காற்றை இழுக்க அதற்கு மூச்சில்லை. வேகமாக ஓடும்போது எதிர்காற்றே தள்ளிவிடுவதால் குறை தெரியவில்லை. அதோடு, தடித்த கோரில் முன்பாதி கடந்ததுமே காற்று சூடாகிவிடும்; பின்பாதிக்குச் சூட்டை வாங்கும் வேலை பாதிதான்.

ஆகவே முதலில் பரப்பைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள். இடமில்லை என்றால்தான் தடிமன். தெருவிலும் ஓடி டிராக்குக்கும் போகும் வண்டிக்கு 36 முதல் 42 மி.மீ. வரை போதும். அதற்கு மேல் போனால் ஃபேனையும் சேர்த்து மாற்றத் தயாராக இருங்கள்.

6. செம்பா, அலுமினியமா? செம்புதான் சூட்டை நன்றாகக் கடத்தும் என்று பெரியவர்கள் சொல்வது உண்மை. அலுமினியத்தைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். ஆனால் 'செம்பு ரேடியேட்டர்' என்று நாம் சொல்வதில் தண்ணீர் ஓடும் ட்யூப் பித்தளை. ஃபின் மட்டுமே செம்பு. இரண்டையும் ஒட்டியிருப்பது ஈயம் கலந்த சால்டர்; அது சூட்டைக் கடத்துவதில் மந்தம். பித்தளை ட்யூபை மெல்லிய சுவரோடு அகலமாகச் செய்தால் அழுத்தத்தில் உப்பிவிடும் என்பதால் அரை அங்குலம்போலக் குறுகலாகவே செய்வார்கள். அலுமினிய ட்யூபை ஓர் அங்குலத்துக்கும் மேல் அகலமாகச் செய்யலாம். அதனால்தான் இரண்டு வரிசை அலுமினியம் நான்கு வரிசைச் செம்பின் வேலையைச் செய்கிறது, பாதிக்கும் குறைந்த எடையில். 'எத்தனை வரிசை' என்று மட்டும் கேட்பவர் ஏமாறுவார். ட்யூபின் அகலத்தையும் கேளுங்கள். பழைய கிளாசிக் கார், தோற்றம் மாறக்கூடாது, ஊரில் சால்டர் வைக்கத் தெரிந்த ஆள் இருக்கிறார் என்றால் செம்பே நல்லது.

7. கம்பெனி ரேடியேட்டரில் கோர் அலுமினியம், இருபக்கத் தொட்டிகள் பிளாஸ்டிக். மடித்து அழுத்திய மூட்டு. தெருவில் ஓட்டுவதற்கு இதில் தப்பே இல்லை. அழுத்தமும் சூடும் வருடக்கணக்கில் ஏறி இறங்கும்போது பிளாஸ்டிக் வெடித்து, மூட்டில் கசியும். டிராக்குக்கு அடிக்கடி போகிறவர்கள் முழு அலுமினியத்துக்கு மாறலாம். அதிலும் ட்யூபைப் பசையால் ஒட்டியதைத் தவிருங்கள். உலையில் பிரேஸிங் செய்த கோர், ஆர்கான் வெல்டிங் செய்த தொட்டி, இதுதான் கேட்டு வாங்க வேண்டியது.

8. ஃபின்கள் நெருக்கமாக இருந்தால் காகிதக் கணக்கில் குளிர்ச்சி அதிகம். நம் சாலைத் தூசிக்கு அவை சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். அங்குலத்துக்கு 14 முதல் 16 என்றால் கழுவவும் வசதி.

9. ஃபேனுக்குக் கூடு முக்கியம். ரேடியேட்டரின் முழு முகத்தையும் மூடும் ஷ்ரவுட் இல்லாமல் வெறும் ஃபேனை மாட்டினால், அதன் வட்டத்துக்கு நேரே உள்ள பகுதி மட்டும் வேலை செய்யும். மூலைகள் சும்மா இருக்கும். முன்பக்கத்தில் ரேடியேட்டரைச் சுற்றியுள்ள சந்துகளை ஃபோம் பட்டையால் அடைத்துவிடுங்கள். காற்று சோம்பேறி, சந்து கிடைத்தால் ஃபின் வழியாக வராது. இருநூறு ரூபாய் ஃபோம் செய்யும் வேலையைப் பார்த்து நானே வியந்திருக்கிறேன்.

10. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் காராக இருந்தால், கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் பல மாடல்களில் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும். வாங்குவதில் அது இருக்கிறதா என்று பாருங்கள். அது உள்ளே ஓட்டையானால் ஆயிலும் கூலன்டும் கலந்து ரோஸ்மில்க்போல ஆகிவிடும்; பிறகு கியர்பாக்ஸுக்கே செலவு. தனி ஆயில் கூலர் வைப்பது பாதுகாப்பு.

11. மூடியைக் கவனியுங்கள். அழுத்தம் ஒரு பி.எஸ்.ஐ. கூடினால் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி ஏறும். ஊட்டியில், 2,240 மீட்டர் உயரத்தில், திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரில் ஏறிவரும் இன்ஜினைக் காப்பது மூடியின் ஸ்பிரிங்கும் ரப்பரும்தான். புது ரேடியேட்டரோடு புது மூடி போடுங்கள். ஆனால் கம்பெனி சொன்ன அழுத்தத்துக்கு மேல் போக வேண்டாம். மூடி கொதிப்பைத் தள்ளிப்போடுமே தவிர சூட்டைக் குறைக்காது. அழுத்தம் கூடிய மூடி, பலவீனமான ஹோஸ் எது என்று கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

12. போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். உப்பும் சுண்ணாம்பும் அலுமினியத்துக்கு எமன். கோவைக்காரர்கள் சிறுவாணித் தண்ணீர்தானே என்று ஊற்றாதீர்கள். அந்த ருசி குடிப்பதற்கு. டிமினரலைஸ்டு தண்ணீரும் கூலன்டும் கலந்து ஊற்றுங்கள், அல்லது கலந்தே வருவதை வாங்குங்கள். நம் ஊரில் உறையாது என்பதற்காகக் கூலன்டைத் தவிர்க்கக் கூடாது. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலை. நிறத்தைப் பார்த்து ஒன்றோடு ஒன்று கலக்காதீர்கள், நிறம் எந்த ரகம் என்று சொல்லாது. ரகம் மாறிக் கலந்தால் கூழாகிவிடலாம். இன்னொன்று: பல பந்தயத் தடங்களில் கிளைக்கால் கூலன்டை அனுமதிப்பதில்லை, சிந்தினால் எண்ணெய்போல வழுக்கும். பதிவு செய்யும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

13. மல்டிமீட்டர் இருக்கிறதா? இன்ஜின் ஆறியிருக்கும்போது மூடியைத் திறந்துவிட்டு ஸ்டார்ட் செய்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை உலோகத்தில் படாமல் கூலன்டிலும் வையுங்கள். விளக்கு, ஃபேன், ஏ.சி. ஒவ்வொன்றாகப் போடுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எங்கோ எர்த் சரியில்லை. அந்தத் திருட்டு மின்சாரம் புது அலுமினியத்தைச் சில மாதங்களில் ஊசி ஊசியாகத் துளைத்துவிடும். மியூசிக் சிஸ்டம், கூடுதல் விளக்கு எல்லாம் வைத்த வண்டியில் இதைக் கட்டாயம் பாருங்கள்.

14. கையில் வந்ததும் மாட்டிவிடாதீர்கள். குலுக்கிப் பாருங்கள், உள்ளே வெல்டிங் துகள் சலசலக்கும். நாலைந்து முறை அலசுங்கள். பிறகு பஞ்சர் கடையில் ட்யூபை முக்குவதுபோல், வாய்களை அடைத்து, ஒரு பார் அழுத்தத்துக்கு மிகாமல் காற்றேற்றித் தொட்டியில் முக்குங்கள். குமிழி வந்தால் அப்படியே திருப்பி அனுப்புங்கள்.

15. மாட்டும்போது ரப்பர் புஷ் இல்லாமல் சட்டத்தோடு இறுக்கக் கூடாது. அதிர்வில் வெல்டிங் விரியும். கூலன்ட் ஊற்றும்போது வண்டியின் மூக்கைச் சற்று உயர்த்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றை வெளியேற்றுங்கள். முதல் ஓட்டம் முடிந்து, நன்றாக ஆறிய பிறகு கிளிப்புகளை ஒருமுறை இறுக்கி அளவைச் சரிபாருங்கள். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்காதீர்கள்.

16. வழியில் கசிந்தால் மஞ்சள் தூள் போடும் பழைய வைத்தியம் வீடு வந்து சேர உதவும். வந்ததும் முழுவதையும் வடித்து அலசிவிடுங்கள். கசிவை அடைக்கும் அதே தூள் ஹீட்டரின் மெல்லிய குழாய்களையும் அடைக்கும்.

17. பழைய ரேடியேட்டரை உடனே காயலான் கடைக்குப் போடாதீர்கள். துளைகளைத் துணியால் அடைத்து, ஒரு கோடைக்காலம் தாண்டும் வரை பரணில் வையுங்கள். 52 மி.மீ. சமாசாரத்தைக் கழற்றிவிட்டு, ஆர்டர் போட்ட 36 மி.மீ. வந்து சேரும்வரை மூன்று வாரம் என் காரை ஓட்டியது அந்தப் பழைய 26 மி.மீ.தான்.