மாதிரி ஜெட்டைச் சீராகப் பறக்கவைக்கும் முறை

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் மாதிரி ஜெட்டுகளில் இன்று பரவலாகக் காணப்படுபவை, மின்மோட்டாரால் சுழலும் குழாய்விசிறி பொருத்தப்பட்ட ஃபோம் விமானங்களே. ஆர்வலர்கள் ‘ஈடிஎஃப்’ என்று சுருக்கி அழைக்கும் இந்த அமைப்பில், உடற்பகுதிக்குள் ஒரு குழாயில் அடங்கிய சிறு விசிறி முன்வாய் வழியே காற்றை உள்ளிழுத்து, அதைப் பின்வாய் வழியே பன்மடங்கு வேகத்துடன் வெளியேற்றி உந்துவிசையை உண்டாக்குகிறது. விசிறிகள் 64, 70, 80, 90 மி.மீ. விட்டங்களில் கிடைக்கின்றன. 80 மி.மீ. விசிறியும் ஆறு செல் லிப்போ பேட்டரியும் கொண்டு, பறக்கும் நிலையில் 2,800 கிராம் எடையுள்ள எஃப்-16 வடிவ மாதிரி ஒன்று இக்கட்டுரையில் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுகிறது.

விமானம் மந்தமாகவோ தள்ளாடியோ பறக்கும்போது, இன்னும் பெரிய மோட்டாரைப் பொருத்தினால் குறை தீர்ந்துவிடும் என்ற எண்ணமே பலருக்கும் முதலில் தோன்றுகிறது. ஆயினும் ஆற்றலைக் கூட்டுவது இந்த வேலைவரிசையில் கடைசியாக வரவேண்டியது. எடைச்சமநிலை, கட்டுப்பாட்டு இணைப்புகள், காற்றின் பாதை ஆகிய மூன்றும் சீராகாத விமானத்தில் கூடுதல் ஆற்றல் சேரும்போது, இருக்கும் குறை அதிக வேகத்தில் வெளிப்படுமேயன்றி மறைவதில்லை.

அளந்து குறித்தல்

முதற்படியாக, எந்தத் திருகையும் தொடுவதற்கு முன்னரே விமானத்தின் தற்போதைய நிலை முழுவதையும் அளந்து ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். பேட்டரியுடன் கூடிய மொத்த எடை, ஈர்ப்பு மையம் அமைந்துள்ள இடம், ஒவ்வொரு கட்டுப்பாட்டுப் பரப்பும் மேலும் கீழும் எத்தனை மில்லிமீட்டர் அசைகிறது என்ற அளவு, மோட்டாரின் வேகக்குச்சியான த்ராட்டிலை முழுதாகத் திறக்கும்போது இழுக்கப்படும் மின்னோட்டம் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். இவற்றுள் எடையே தலையாயது. இறக்கை தூக்குவிசையை இழக்கும் எல்லையான ஸ்டால் வேகம் எடையின் இருமடி மூலத்துக்கு நேர்விகிதத்தில் கூடுவதால், எடை 10 விழுக்காடு ஏறினால் அவ்வேகம் ஏறத்தாழ 5 விழுக்காடு ஏறுகிறது. தரையிறக்கத்தில் அந்தச் சிறு வேறுபாடே சக்கரக்கால் நிலைப்பதையும் முறிவதையும் தீர்மானித்துவிடக்கூடும். ஒரு வேளையில் ஒரே ஒரு மாற்றம் என்ற ஒழுங்கும் இக்கட்டத்திலிருந்தே தொடங்குகிறது. இரண்டை ஒருசேர மாற்றினால், எதனால் எது நிகழ்ந்தது என்பதைப் பின்னர் எவராலும் பிரித்தறிய இயலாது.

பேட்டரி இணைக்கப்பட்ட கணம் முதல் விசிறியை ஓடும் எந்திரமாகவே கருதவேண்டும். த்ராட்டிலைப் பூட்டும் ‘த்ராட்டில் கட்’ பொத்தானை அமைத்துக்கொள்வதும், சோதனையின்போது விமானத்தை அசையாதபடி கட்டிவைப்பதும், துணி, கயிறு, சரளைக்கல் ஆகியவற்றை முன்வாயின் அருகில் விடாதிருப்பதும் தவிர்க்கக்கூடாத முன்னெச்சரிக்கைகள்.

ஈர்ப்பு மையம்

இரண்டாம் படி ஈர்ப்பு மையத்தைச் சரியான இடத்தில் நிறுத்துவது. முழு வேலையிலும் அதிகப் பயன் தருவது இதுவே. விமானத்தின் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளி ஈர்ப்பு மையம் எனப்படும். இறக்கையும் வாலும் சேர்ந்து உண்டாக்கும் தூக்குவிசையில் ஏற்படும் மாற்றம் எப்புள்ளியில் செயல்படுகிறதோ அது நடுநிலைப் புள்ளி. ஈர்ப்பு மையம் நடுநிலைப் புள்ளிக்கு முன்னால் இருந்தால், காற்றின் அலைப்பில் மூக்கு மேலெழும்போது விமானம் தானாகவே மூக்கைத் தாழ்த்திப் பழைய நிலைக்குத் திரும்ப முயலும்; பின்னால் இருந்தால், சிறு அலைப்பும் பெருகிப் பெருகி விமானத்தைக் கவிழ்த்துவிடும். இவ்விரு புள்ளிகளுக்கும் இடையிலுள்ள தொலைவு, இறக்கையின் சராசரி அகலத்தில் 5 முதல் 15 விழுக்காடு வரை இருப்பது மாதிரி விமானங்களுக்கு ஏற்றது.

எஃப்-16 வடிவத்தைத் தேர்ந்தவர்கள் இங்கே ஒன்றைக் கருத்தில் கொள்ள வேண்டும். 1974இல் முதன்முதலாகப் பறந்த அந்தப் போர்விமானம், விரைந்து திரும்பும் ஆற்றலுக்காக வேண்டுமென்றே நிலைப்புத்தன்மை தளர்த்தப்பட்டு, அதன் தள்ளாட்டத்தை மின்வழிக் கட்டுப்பாட்டு அமைப்பு நொடிதோறும் திருத்தும்படி வடிவமைக்கப்பட்டது. ஆகையால் உண்மை விமானத்தின் எடைச்சமநிலையை மாதிரிக்கு எடுத்துக்கொள்வது பெரும் பிழை. மாதிரிக்குள் பொருத்தப்படும் சிறு கைரோவும், அதாவது விமானத்தின் சுழற்சியை உணர்ந்து கட்டுப்பாட்டுப் பரப்புகளை இயக்கும் சிறு மோட்டாரான சர்வோவை எதிர்த்திசையில் அசைக்கும் கருவியும், தவறான ஈர்ப்பு மையத்துக்கு ஈடாகாது.

உற்பத்தியாளரின் கையேடு குறிப்பிடும் புள்ளியிலிருந்தே தொடங்கலாம். பேட்டரியை வைத்து, மூடிகளை மூடி, அப்புள்ளிக்கு நேர்கீழே இரு இறக்கைகளிலும் விரல்நுனிகளால் தாங்கினால், விமானம் கிடைமட்டமாகவோ மூக்கு மிகச் சிறிதே தாழ்ந்தோ நிற்க வேண்டும். அவ்வாறு நில்லாதபோது ஈயத்தை ஒட்டுவதற்கு விரையாமல், முதலில் பேட்டரியை நகர்த்திப் பார்ப்பதே முறை. நகர்த்தும் பொருளின் எடையை அது நகர்ந்த தொலைவால் பெருக்கி, விமானத்தின் மொத்த எடையால் வகுத்தால் ஈர்ப்பு மையம் நகர்ந்த அளவு கிடைக்கும். 650 கிராம் பேட்டரியை 20 மி.மீ. பின்னுக்குத் தள்ளினால், 2,800 கிராம் விமானத்தில் ஈர்ப்பு மையம் ஏறத்தாழ 4.6 மி.மீ. பின்னகரும். சரியான இடம் தெரிந்தபின் பேட்டரித் தட்டில் பேனாவால் கோடிட்டு, ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் வெல்க்ரோ பட்டையால் இறுகக் கட்டவேண்டும்.

தரையில் பார்த்த சமநிலையை வானத்தில் உறுதிசெய்யப் பாய்ச்சல் சோதனை உதவுகிறது. போதிய உயரத்தில் குச்சிகளை விட்டுக் கையெடுத்தாலும் விமானம் நேராகச் செல்லும்படி டிரிம் செய்து, த்ராட்டிலைக் குறைத்து, 45 பாகைச் சரிவில் கீழே பாயவிட்டு, மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டர் குச்சியை விட்டுவிட வேண்டும். விமானம் சட்டென்று மூக்கைத் தூக்கினால் மூக்கு கனத்திருக்கிறது. ஏறக்குறைய நேராகச் சென்று மெல்ல மெல்ல எழுந்தால் சமநிலை நன்று. சரிவு தானாகவே மேலும் செங்குத்தாகிக்கொண்டு போனால் வால் கனத்திருக்கிறது என்று பொருள், அப்போது உடனே மீட்டுத் தரையிறக்கிவிட வேண்டும். த்ராட்டிலைக் குறைப்பது ஏனெனில், உந்துவிசையின் கோடு ஈர்ப்பு மையத்துக்கு மேலாகவோ கீழாகவோ சென்றால், அதுவே மூக்கைத் தூக்கியோ தாழ்த்தியோ சோதனையைப் பிறழச் செய்துவிடும். ஈர்ப்பு மையத்தின் ஒவ்வொரு திருத்தத்தையும் 3 மி.மீ.க்கு மிகாமல் செய்வது பாதுகாப்பு.

கட்டுப்பாட்டு இணைப்புகள்

முகப்பில் சுழலும் விசிறியுள்ள சாதாரண மாதிரி விமானத்தில், விசிறி தள்ளும் காற்று வாலின் மீது பாய்வதால் ஓடுபாதையில் நிற்கும்போதே எலிவேட்டர் ஓரளவு வேலை செய்கிறது. ஜெட்டில் அந்தக் காற்று உடற்பகுதிக்குள்ளேயே சென்று பின்வாய் வழியே போய்விடுவதால், விமானம் வேகம் பிடிக்கும் வரை வால் ஏறத்தாழ செயலற்றே இருக்கும். வேகம் பிடித்த பின்னரோ சிறு அசைவும் பெரும் விளைவைத் தரும். இந்த இரு நிலைகளுக்கும் இடையே ஒத்திசைவு காண்பதே மூன்றாம் படியின் நோக்கம்.

முதலில் இணைப்புகளில் உள்ள தளர்ச்சியை நீக்கவேண்டும். சர்வோவை நடுநிலையில் நிறுத்தி, கட்டுப்பாட்டுப் பரப்பைக் கையால் மெல்ல அசைத்தால் தளர்ச்சி தெரிந்துவிடும். எஃப்-16இல் கிடைமட்ட வால் முழுவதும் ஒரே தகடாகத் திரும்புவதால், அங்குள்ள சிறு தளர்ச்சியும் அதிவேகத்தில் பரப்பு கொடிபோல் படபடக்கும் நிலைக்கு இட்டுச்செல்லக்கூடும். ஃபிளட்டர் எனப்படும் இப்படபடப்பு ஒருமுறை தொடங்கினால் சர்வோவின் பற்சக்கரங்களையோ வாலையோ நொடிகளில் பிய்த்துவிடும். தேய்ந்த இணைப்பு முனையை மாற்றுவது அதைவிட மிக மலிவு.

அசைவு தேவைக்கு மேல் இருந்தால், ரிமோட்டில் விழுக்காட்டைக் குறைப்பதற்கு முன், தள்ளுகம்பியைச் சர்வோ கையின் உட்துளைக்கோ பரப்பிலுள்ள கொம்பின் வெளித்துளைக்கோ மாற்றவேண்டும். அவ்வாறு செய்யும்போது சர்வோ தன் முழு வீச்சையும் பயன்படுத்துவதால், அசைவு நுண்மையாகவும் வலுவாகவும் அமைகிறது. அதன்பின் ‘டூயல் ரேட்’ என்னும் இருநிலை அமைப்பில், புறப்பாட்டுக்கும் தரையிறக்கத்துக்கும் கூடுதல் அசைவையும் வேகப் பறத்தலுக்குக் குறைந்த அசைவையும் ஒரு பொத்தானில் வைக்கலாம். குச்சியின் நடுப்பகுதியை மென்மையாக்கும் ‘எக்ஸ்போ’ அமைப்பில் குறியைக் கவனிக்காவிட்டால் ஆபத்து நேரும். ஃபுடாபா ரிமோட்டுகளில் கழித்தல் குறியும், ஸ்பெக்ட்ரம் ரிமோட்டுகளில் கூட்டல் குறியும் மென்மையைத் தருவதால், ஒன்றிலிருந்த எண்ணை மற்றொன்றுக்கு அப்படியே எழுதினால் விமானம் கைக்கு அடங்காமல் துள்ளும்.

கைரோ இருந்தால், முதற் பறத்தலில் அதை நிறுத்திவைத்து டிரிம்களை முடித்த பின்னரே இயக்கவேண்டும். கைரோ இயங்கும்போது தரையில் வலதிறக்கையைக் கீழே சாய்த்தால், அதன் பின்விளிம்பில் அசையும் பரப்பான எய்லரான் தாழ்ந்து இறக்கையை மேலே தூக்க முயலவேண்டும். எதிராக அசைந்தால் அந்த விமானம் பறக்கத் தகுதியற்றது.

காற்றின் பாதையும் விசிறியும்

முன்வாயின் விளிம்பு கூராக இருந்தால், நிற்கும் நிலையில் பக்கங்களிலிருந்து உள்ளே திரும்பும் காற்று விளிம்பிலேயே பிரிந்து சுழல்களாகி விசிறியைத் தாக்குகிறது. எனவே விளிம்பை உருண்டையாக்கி, குழாயின் உட்புற ஒட்டுகளை நாடாவால் மூடி, உள்ளே தொங்கும் கம்பிகளைச் சுவரோடு ஒட்டிவிட வேண்டும். சிலர் விசிறிக்கு முன்னால் உடற்பகுதியின் அடியில் உதவித் துளைகளை வெட்டுகின்றனர். அவை புறப்பாட்டில் காற்றைக் கூட்டினாலும் வேகத்தில் இழுவையை உண்டாக்குவதால், முன்வாய் உண்மையிலேயே குறுகலான மாதிரிகளில் மட்டுமே அவற்றுக்கு நியாயம் உண்டு.

பின்வாயின் அளவைக் கணக்கிட்டே முடிவுசெய்ய வேண்டும். விசிறி துடைத்துச் செல்லும் வளையப் பரப்பில் 80 முதல் 90 விழுக்காடு என்பது வழக்கமான அளவு. 80 மி.மீ. விட்டத்தில் நடுக்குடம் 40 மி.மீ. எனில் வளையப் பரப்பு ஏறத்தாழ 37.7 சதுர செ.மீ.; அதில் 85 விழுக்காடு 32 சதுர செ.மீ., அதாவது 64 மி.மீ. விட்டமுள்ள வட்டவாய். வாயைக் குறுக்கினால் வெளியேறும் காற்றின் வேகம் கூடி உச்சவேகம் உயரும், ஆனால் நிற்கும் நிலையின் உந்துவிசை குறையும். குறுகிய புல்தரையிலிருந்து புறப்பட வேண்டியவர்களுக்கு 90 விழுக்காட்டை ஒட்டிய வாயே ஏற்றது.

விசிறியின் சமநிலையைப் பலர் பொருட்படுத்துவதில்லை. நிமிடத்துக்கு 40,000 முறை சுழலும் விசிறியில், அச்சிலிருந்து 35 மி.மீ. தொலைவில் வெறும் 0.1 கிராம் கூடுதலாக இருந்தால், அது அச்சை இழுக்கும் விசை 6 கிலோ எடைக்கும் கூடுதலானது. ஒவ்வொரு சுற்றிலும் திசை மாறும் அந்த இழுப்பே விசிறியின் கரகரப்பான ஓசைக்கும், தேயும் பேரிங்குகளுக்கும், தடுமாறும் கைரோவுக்கும் காரணமாகிறது. விசிறியைக் காந்தத் தாங்கியில் கிடையாக நிறுத்தி, எப்போதும் கீழே வந்து நிற்கும் கனத்த பக்கத்தை அறிந்து, எதிர்ப்பக்கக் குடத்தின் உட்புறத்தில் ஒரு சிறு துளி பசையை வைத்து, எந்நிலையிலும் நிற்கும் வரை திருத்தவேண்டும்.

ஆற்றல்

இவ்வளவும் முடிந்த பிறகும் போதாமை தெரிந்தால் மட்டுமே ஆற்றலைத் தொடலாம். விசிறியின் உந்துவிசை சுழற்சிவேகத்தின் இருமடியாகவும், அதற்குத் தேவையான திறன் மும்மடியாகவும் கூடுகின்றன. சுழற்சியை 10 விழுக்காடு ஏற்றினால் உந்துவிசை 21 விழுக்காடு கூடும், மின்திறனோ 33 விழுக்காடு கூடுதலாகத் தேவைப்படும். இந்தச் சுமையை, மோட்டாருக்குச் செல்லும் மின்சாரத்தை ஒழுங்குபடுத்தும் வேகக் கட்டுப்படுத்தியும் பேட்டரியும் தாங்கவேண்டும். வாட்மீட்டரில் 80 ஆம்பியர் காட்டும் அமைப்புக்கு 100 ஆம்பியர் கட்டுப்படுத்தி தகும். அதைப் பேட்டரியிலிருந்து தள்ளிவைக்க நேர்ந்தால், பேட்டரிப் பக்கக் கம்பியை நீட்டாமல் மோட்டார் பக்கக் கம்பியை நீட்டவேண்டும். ஏனெனில் நீண்ட பேட்டரிக் கம்பியில் எழும் மின்னழுத்தத் துள்ளல்கள் கட்டுப்படுத்தியின் மின்தேக்கிகளைச் சிதைக்கின்றன.

பறக்கும் நேரத்தையும் கணக்கிட்டே ரிமோட்டின் டைமரில் வைக்கவேண்டும். 4,000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரியில் 80 விழுக்காட்டை மட்டும் பயன்படுத்தி, சராசரியாக 50 ஆம்பியர் இழுத்தால் நான்கு நிமிடத்துக்கும் சற்றுக் குறைவான நேரமே கிடைக்கும். எனவே மூன்று நிமிடத்தில் தரையிறக்கத்தைத் தொடங்குவதே முறை. வெப்பமும் கணக்கில் சேரும். 35 பாகை செல்சியஸ் வெயிலில் காற்றின் அடர்த்தி 15 பாகையில் இருப்பதைவிட ஆறு விழுக்காட்டுக்கும் மேல் குறைவதால், உந்துவிசையும் தூக்குவிசையும் ஒருசேரக் குறைந்து, தமிழ்நாட்டின் கோடைப் பிற்பகலில் ஓடுபாதை ஓட்டம் கண்கூடாக நீள்கிறது. புதிய மாற்றத்தைச் சோதிக்க விடியற்காலையே நல்ல வேளை.

ஓடுபாதையின் முடிவு வரை ஓடியும் மூக்கு எழாத விமானத்தில் மோட்டாரைக் குறைசொல்வதற்கு முன், அது தரையில் நிற்கும் கோணத்தைப் பார்க்கவேண்டும். மூக்கு தாழ்ந்து நின்றால் முன்சக்கரக்காலை ஓரிரு பாகை உயர்த்தும் அளவு நீட்டினாலே போதும்.

இந்தியாவின் 2021ஆம் ஆண்டு டிரோன் விதிகள், 25 கிலோவுக்கு மிகாத மாதிரி விமானங்களைக் கண்பார்வைக்குள் மட்டுமே பறக்கவிட வேண்டும் என்று வரையறுக்கின்றன. அதோடு, பறக்கவிடுவோர் ஒவ்வொரு முறையும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்பரப்பு வரைபடத்தில் அந்த இடம் பறக்க அனுமதியுள்ள பச்சை மண்டலமா என்று பார்த்துக்கொண்டு, பார்வையாளர்கள் அனைவரையும் தம் முதுகுக்குப் பின்னால் நிறுத்திய பிறகே த்ராட்டிலைத் திறக்கவேண்டும்.