ஊர்காவற்றுறையின் வெற்று ஆசனம்

பாடசாலையில் நாம் கட்டணம் செலுத்தாமல் படிக்கிறோம். ஒரு காலத்தில் ஒரு மண்டபத்தில் சிலர் கூடியிருந்து, விவாதித்து, முடிவெடுத்தபடியால் கிடைத்த வாய்ப்பு இது. மக்கள் எல்லோருடைய வாழ்வையும் தொடும் விடயமொன்றில் அரசு எடுக்கும் இத்தகைய தீர்மானத்தையே ‘பொதுக் கொள்கை’ என்கிறோம். அது எடுக்கப்படும் மண்டபத்தில் நமக்கும் ஓர் ஆசனம் உண்டா என்பது சனநாயகத்தின் முதற் கேள்வி. அமெரிக்க ஆட்சிமுறையைப் படிக்கும் மாணவிகள் இந்தக் கேள்வியை நமது தீவகத்தின் வரலாற்றோடும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கர் ஆசனம் கேட்டுப் போராடினார்கள்; ஊர்காவற்றுறையோ ஒருமுறை தனக்குக் கிடைத்த ஆசனத்தை வெறுமையாக விட்டது.

அமெரிக்கர் கேட்ட ஆசனம்

அமெரிக்காவின் பதின்மூன்று குடியேற்றங்கள் மீது பிரித்தானியப் பாராளுமன்றம் வரி விதித்தது. அந்தப் பாராளுமன்றத்திலே அம்மக்களுக்குப் பிரதிநிதிகள் இருக்கவில்லை. “எங்கள் பிரதிநிதி இல்லாத சபை எங்களுக்கு எப்படி வரி விதிக்கலாம்?” என்ற கேள்வியே 1776ஆம் ஆண்டின் சுதந்திரப் பிரகடனம் வரை வளர்ந்தது. 1787இல் பிலடெல்பியா நகரில் அவர்கள் வரைந்த அரசியலமைப்பு, அதிகாரத்தை ஒரே கையில் விடாமல் மூன்றாகப் பிரித்தது. சட்டம் இயற்றுவது காங்கிரஸ், நிறைவேற்றுவது சனாதிபதி, சட்டத்தின் பொருளைத் தீர்ப்பது நீதிமன்றம்.

அங்கே ஒரு யோசனை சட்டமாவதற்கு நீண்ட வழி நடக்கவேண்டும். முதலில் அது ஒரு குழுவுக்குப் போகும். குழு துறை அறிந்தவர்களையும் பாதிக்கப்படுவோரையும் அழைத்து விசாரிக்கலாம். பின்பு பிரதிநிதிகள் சபையும் செனற் சபையும் அதனை ஒரே வடிவில் ஏற்கவேண்டும். சனாதிபதி ஒப்பமிட மறுத்தால், இரு சபைகளும் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்த மறுப்பைத் தாண்டலாம். இந்த வழியில் குழு நிலையே மிக முக்கியமானது. பல யோசனைகள் அங்கேயே உருமாறும். பல அங்கேயே மடியும்.

ஆனால் அமெரிக்கர் போட்ட மேசையிலும் எல்லோருக்கும் இடம் இருக்கவில்லை. அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களுக்கு அங்கே இடமில்லை. நாடு முழுவதிலும் பாலின வேறுபாட்டால் வாக்குரிமை மறுக்கப்படலாகாது என்ற அரசியலமைப்புத் திருத்தம் 1920இலேதான் வந்தது.

1931: கிடைத்ததும் விட்டதும்

அதற்குப் பதினொரு ஆண்டுகளின் பின், 1931இல், டொனமூர் அரசியலமைப்பு இலங்கையில் 21 வயது நிரம்பிய ஆண், பெண் இருபாலாருக்கும் வாக்குரிமை தந்தது. புதிய அரசாங்க சபையில் தேர்ந்தெடுக்கப்படும் 50 உறுப்பினர்களும், நியமன உறுப்பினர் எண்மரும், அரசாங்க உத்தியோகத்தர் மூவரும் இருந்தனர். உத்தியோகத்தர் தவிர்ந்த உறுப்பினர்கள் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்தார்கள். கல்வி, சுகாதாரம், விவசாயம் போன்ற துறைகளை இக்குழுக்கள் பொறுப்பேற்றன. ஒவ்வொரு குழுவும் தெரிவுசெய்த தலைவரே அத்துறையின் அமைச்சர். ஆகவே, சபையில் ஆசனம் உள்ளவருக்கு ஏதோ ஒரு குழுவிலும் இடம் இருந்தது.

அந்த நேரத்தில் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரிக்கும்படி அழைத்தது. ஹன்டி பேரின்பநாயகம் போன்றோர் முன்னின்ற இந்த இயக்கம் 1927இல் காந்தியடிகளை யாழ்ப்பாணத்துக்கு வரவழைத்தது; சாதி வேற்றுமையை எதிர்த்தது. டொனமூர் திட்டத்தில் நிதியும் சட்டமும் பொதுச்சேவையும் உத்தியோகத்தர் கையில் இருந்தன. தேசாதிபதியிடம் விசேட அதிகாரங்கள் இருந்தன. “முழுச் சுயராச்சியம் வேண்டும், இந்த அரைகுறை எமக்கு வேண்டாம்” என்பது அவர்களின் நிலை. அது பதவி ஆசையில் பிறந்த நிலை அல்ல. கொள்கைப் பற்றில் பிறந்தது.

யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, பருத்தித்துறை, ஊர்காவற்றுறை ஆகிய நான்கு தொகுதிகளிலும் எவரும் வேட்புமனுக் கொடுக்கவில்லை. தெற்கும் தம்மைப் பின்பற்றும் என்று எதிர்பார்த்தார்கள்; தெற்கில் தேர்தல் நடந்தது. 1931 யூன் மாதத்தில் நாட்டின் ஏனைய இடங்களில் பெண்கள் முதன்முறையாக வாக்களித்தபோது, நமது தீவகப் பெண்களுக்கும் சட்டப்படி அந்த உரிமை இருந்தது. வாக்களிக்க ஒரு வேட்பாளர்தான் இருக்கவில்லை.

சபை அதற்காகக் காத்திருக்கவில்லை. ஏழு குழுக்களும் அமைந்தன, அமைச்சர்கள் தெரிவானார்கள், வீதிக்கும் வைத்தியசாலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் பணம் ஒதுக்கப்பட்டது. அத்தீர்மானங்கள் நமது தீவகத்தையும் கட்டுப்படுத்தின. 1934இல் இடைத்தேர்தல் வரும்வரை அவற்றைப் பற்றிப் பேச ஊர்காவற்றுறைக்கு அங்கே வாய் இருக்கவில்லை.

நிரம்பிய ஆசனம்

1936இல் நடந்த அடுத்த பொதுத் தேர்தலில் ஊர்காவற்றுறையின் உறுப்பினராக வைத்திலிங்கம் துரைசுவாமி தெரிவானார். அதே ஆண்டில் சபை அவரைச் சபாநாயகராகத் தேர்ந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு வெறுமையாகக் கிடந்த தொகுதியின் பிரதிநிதி, 1947 வரை முழுச் சபைக்கும் தலைமை வகித்தார். வேலணையில் உள்ள மத்திய மகா வித்தியாலயம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் சபாநாயகராக இருந்த காலத்திலேதான் இலவசக் கல்வி வந்தது. அது வந்த வழியைக் கவனியுங்கள். கல்விக் குழுவின் தலைவரும் கல்வி அமைச்சருமான கன்னங்கராவின் தலைமையில் ஒரு விசேட குழு ஆராய்ந்தது. 1943இல் அதன் அறிக்கை வெளிவந்தது. சபையில் விவாதம் நடந்தது. 1945 ஒக்ரோபர் முதலாந் திகதி திட்டம் நடைமுறைக்கு வந்தது. பிரச்சினையை இனங்காணல், ஆராய்தல், விவாதித்தல், தீர்மானித்தல், நடைமுறைப்படுத்தல் என்று பாடநூல் சொல்லும் படிகள் எல்லாம் இந்த ஒரு கதையிலே இருக்கின்றன.

பகிஷ்கரித்தவர்களைக் குறை சொல்லுவது எளிது. அரைகுறை அதிகாரம் பற்றி அவர்கள் எழுப்பிய கேள்வி சரியானது. ஆனால் அந்தக் கேள்வியைச் சபைக்குள் எழுப்ப ஒருவரும் இருக்கவில்லை என்பதே இழப்பு. எதிர்ப்பதற்கும் ஓர் ஆசனம் வேண்டும்.

நம் முன் உள்ள ஆசனங்கள்

இன்று நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, வேலணை ஆகியவற்றுக்குப் பிரதேச சபைகள் உள்ளன. உள்ளூராட்சி மன்றங்களில் 25 சதவீதம் பெண்களுக்கு என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. 2018 தேர்தலில் அது முதன்முறையாக நடைமுறைக்கு வந்தது. அதே 2016இல் வந்த தகவலறியும் உரிமைச் சட்டத்தின்படி, எந்தப் பிரசையும் பொது அலுவலகம் ஒன்றிடம் எழுத்தில் தகவல் கேட்கலாம். இறங்குதுறையின் திருத்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், குடிநீர்த் திட்டம் எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கேட்க ஒரு கடிதம் போதும்.

பெற்றோரே, “அரசியல் பெண்பிள்ளைகளுக்கு எதற்கு?” என்று கேட்கும்முன் ஊர்காவற்றுறையின் அந்த மூன்று ஆண்டுகளை நினைத்துப் பாருங்கள். நாம் விட்ட ஆசனம் வெறுமையாகக் கிடந்தாலும் கூட்டம் நடக்கும், தீர்மானம் வரும், அது நமது வீட்டு வாசலுக்கும் வரும். மாணவிகளே, குடியியற் பாடத்தைப் பரீட்சைக்கு மட்டும் படிக்காதீர்கள். நாளை அந்த ஆசனத்தில் அமரப்போவது உங்களில் ஒருத்தியாகவும் இருக்கலாம்.