கடலில் நாம் எங்கே இருக்கிறோம்?

நிலத்தில் இருப்பவர் தம் இடத்தைச் சொல்வது எளிது. கோவிலுக்கு வடக்கே மூன்றாவது வீடு என்றால் போதும். கரை மறைந்த கடலில் அப்படிச் சொல்ல ஒன்றுமில்லை. நம் கடற்கரைப் பெரியவர்கள் இதற்கு ஒரு வழி கண்டிருந்தார்கள். ஆலயக் கோபுரமும் அதன் பின்னே தெரியும் மலைமுகடும் ஒரே நேர்கோட்டில் வரும்படி படகைச் செலுத்துவார்கள். மற்றொரு பக்கம் பனங்கூட்டமும் பாறையும் நேராக வந்துவிட்டால், இரண்டு கோடுகளும் வெட்டுமிடமே அவர்கள் தேடிய பார். மீன் அடையும் கடலடிப் பாறைக்குப் பார் என்று பெயர். இரு நேர்கோடுகள் ஒரு புள்ளியில்தான் வெட்டும் என்று நாம் வடிவியலில் படிப்பதை, அவர்கள் பள்ளிக்குப் போகாமலேயே பயன்படுத்தினார்கள்! ஆனால் கோபுரம் கண்ணுக்கு மறைந்ததும் இந்தக் கணக்கும் மறைந்துவிடும். பிறகு காற்றும் நீரோட்டமும் விண்மீன்களுமே துணை. மரியன்னையைக் 'கடலின் விண்மீன்' என்று அழைப்பதன் பொருள் அவர்களுக்கே முழுமையாக விளங்கியிருக்கும்.

இன்று பல படகுகளில் உள்ளங்கை அளவான ஜி.பி.எஸ். கருவி இருக்கிறது. அதுவும் ஏறக்குறைய இதே கணக்கைத்தான் செய்கிறது. கோபுரத்துக்குப் பதிலாகச் செயற்கைக்கோள்கள், அவ்வளவே. சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் ஒவ்வொரு கோளும், தான் இருக்கும் இடத்தையும் அந்நேரத்தையும் இடைவிடாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். அந்தச் செய்தி ஒளியின் வேகத்தில் வருவதால், தலைக்கு நேர் மேலே உள்ள கோளிலிருந்து நம்மை அடைய ஒரு வினாடியில் பதினைந்தில் ஒரு பங்குதான் ஆகும். செய்தி வந்து சேர எடுத்த நேரத்தை வைத்து, கோள் எவ்வளவு தொலைவில் உள்ளது என்று கருவி கணக்கிடுகிறது. மூன்று கோள்களின் தொலைவு தெரிந்தால் இடம் தெரிந்துவிடும். அப்படியானால் நான்காவது கோள் எதற்கு? கோள்களில் இருப்பவை அணுக் கடிகாரங்கள். நம் கையில் இருப்பதோ சாதாரணக் கடிகாரம். அதில் ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிழை வந்தாலும் தொலைவில் 300 மீட்டர் பிழை வரும். அந்தக் கடிகாரத்தைத் திருத்துவதற்கே நான்காவது கோள்.

இதில் எனக்கு மிகவும் வியப்பளித்தது ஐன்ஸ்டீனின் பங்குதான். அவருடைய சார்பியல் கொள்கையின்படி, அவ்வளவு உயரத்தில் சுற்றும் கடிகாரம் பூமியில் உள்ளதைவிட நாளொன்றுக்கு 38 மைக்ரோ வினாடி முந்தி ஓடும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் ஒரே நாளில் ஏறத்தாழ 11 கிலோமீட்டர் வரை பிழை சேர்ந்துவிடுமாம். கரும்பலகையில் மட்டும் இருப்பது என்று நாம் நினைக்கும் கொள்கை, வலை வீசும் படகிலும் வேலை செய்கிறது.

இக்கோள்களில் முதலாவதை அமெரிக்க இராணுவம் 1978-இல் ஏவியது. 1983-இல் வழி தவறி சோவியத் வான்பரப்பில் நுழைந்த கொரியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு 269 பேர் இறந்தனர். அதன் பின்னரே இவ்வமைப்பு பொதுமக்களுக்கும் கிடைக்கும் என்று அந்நாட்டு அதிபர் ரீகன் அறிவித்தார். ஆனாலும் 2000 மே மாதம் வரை பொதுமக்களுக்கான செய்தியில் வேண்டுமென்றே பிழை கலந்தே அனுப்பினார்கள். அது நீங்கிய பின் திறந்த வானத்தின் கீழ் சில மீட்டர் அளவுக்கு இடம் துல்லியமாகத் தெரிகிறது. இந்தியாவும் 2013 முதல் தன் சொந்தக் கோள்களை ஏவி 'நாவிக்' என்னும் அமைப்பை உருவாக்கியது.

இனிப் பயன்படுத்தும் முறைக்கு வருவோம். புதுக் கருவியை முதன்முதலாக இயக்கும்போது கோள்களைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் ஆகலாம். ஆகையால் படகைத் தள்ளுவதற்கு முன்பே கரையில் வைத்து இயக்கிவிட வேண்டும். அங்கேயே கரையின் குறியையும் பதிந்துகொள்ள வேண்டும். பார் இருக்கும் இடத்தைப் பதிய யாரும் மறப்பதில்லை. திரும்பி வர வேண்டிய துறையைப் பதியத்தான் மறந்துவிடுகிறார்கள். பதிந்த குறியைத் தேர்ந்தெடுத்தால், அது எந்தத் திசையில் எத்தனை கடல்மைலில் உள்ளது என்று கருவி காட்டும். ஆனால் அது காட்டுவது நேர்கோடு. நடுவே பாறை உண்டா, மணல்திட்டு உண்டா என்று அது பார்ப்பதில்லை. மேலும் காந்த ஊசி இல்லாத கருவிக்குப் படகு ஓடும்போது மட்டுமே திசை தெரியும். நின்ற படகில் அது காட்டும் திசையை நம்பக் கூடாது.

யாராவது தவறிக் கடலில் விழுந்தால் அந்த இடத்தைக் குறிப்பதற்கென்று பல கருவிகளில் தனி வசதி உண்டு. எட்டு நாட் வேகத்தில் ஓடும் படகு ஒரே நிமிடத்தில் ஏறத்தாழ 250 மீட்டர் கடந்துவிடும். ஆகவே விழுந்த நொடியிலேயே அதை அழுத்த வேண்டும். ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். குறி அசையாது, விழுந்தவரையோ நீரோட்டம் இழுத்துச் செல்லும். எனவே ஒருவர் அவர்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும்.

எண்களைப் படிப்பதிலும் ஆபத்து உண்டு. தமிழ்நாடு 8°4' முதல் 13°35' வரையுள்ள வட அட்சங்களுக்கிடையே அமைந்துள்ளது என்று புவியியலில் படித்திருக்கிறோம். ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடங்கள். அட்சத்தில் ஒரு நிமிடம் ஒரு கடல்மைல், அதாவது 1,852 மீட்டர். கருவி 8.50 டிகிரி என்று காட்டினால் அது 8 டிகிரி 30 நிமிடம். அதை 8 டிகிரி 50 நிமிடம் என்று வயர்லெஸ்ஸில் சொன்னால், மீட்க வருபவர்கள் 20 கடல்மைல், அதாவது 37 கிலோமீட்டர், தள்ளிப் போய்த் தேடுவார்கள்! ஆகவே எண்ணை மட்டும் சொல்லாமல், டிகிரி எது, நிமிடம் எது என்று பிரித்துச் சொல்வது அவசியம்.

ஆயினும் பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. இக்கருவி கேட்கும், பேசாது. கோள்கள் சொல்வதை வாங்கிக்கொள்ளுமே அல்லாமல், நாம் இருக்கும் இடத்தை எவருக்கும் அனுப்பாது. "ஜி.பி.எஸ். இருக்கிறது, கண்டுபிடித்துவிடுவார்கள்" என்று கரையில் இருப்பவர்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். அது சரியன்று. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக் கடலில் எழுந்தபோது, ஆழ்கடலுக்குச் சென்றிருந்த பலர் தொலைபேசி எட்டாத தூரத்தில் இருந்தார்கள். தாம் இருக்கும் இடத்தைக் காட்டும் கருவி படகில் இருந்தாலும், புயல் வருகிறது என்று அது சொல்லவில்லை. அவர்கள் எங்கே என்று கரைக்கும் சொல்லவில்லை. எத்தனையோ வீடுகளில் தந்தையரும் அண்ணன்மாரும் திரும்பவில்லை.

2019-இல் மத்திய அரசு வெளியிட்ட 'ஜெமினி' கருவி, செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையைப் படகுக்குக் கொண்டு சேர்க்கிறது. அதுவும் கேட்கும் கருவியே. கரைக்குச் செய்தி அனுப்ப இஸ்ரோ உருவாக்கிய அபாய அறிவிப்புக் கருவி வேண்டும். அருகில் வேறு படகோ கப்பலோ இருந்தால், வயர்லெஸ்ஸில் 16-ஆம் அலைவரிசையில் உதவி கேட்கலாம். இவை எதுவும் இல்லாத சிறு படகுகள் இன்னும் உண்டு.

அத்தகைய வீடுகளுக்குச் செலவில்லாத வழி ஒன்று இருக்கிறது. நம் தோழியரில் பலர் கடற்கரை ஊர்களிலிருந்து வருபவர்கள். கருவியில் உள்ள ஆங்கிலச் சொற்களை வீட்டாருக்குப் படித்துக் காட்டுபவர்களும் பெரும்பாலும் நாமே. படகு புறப்படுமுன், செல்லவிருக்கும் பாரின் அட்சம், தீர்க்கம், உடன் செல்வோர் பெயர்கள், படகின் பதிவு எண், திரும்ப வேண்டிய நாள், நேரம் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதி வாங்கி வைக்கலாம். டிகிரி, நிமிடம் என்று எழுத்தாலேயே எழுத வேண்டும். வழியில் இடத்தை மாற்றினால், தொலைபேசி எட்டும் தூரத்தில் இருக்கும்போதே புது எண்ணைச் சொல்லச் சொல்லி, பழையதை அடித்துவிட்டு எழுத வேண்டும். நோட்டு பூட்டிய பெட்டிக்குள் இராமல், வீட்டில் எல்லோர் கைக்கும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.