சேத நிலை என்றால் சேதமாகிவிட்ட நிலையா?

பயிர்ப் பாதுகாப்புக் கையேடு எதைப் புரட்டினாலும், பூச்சியின் பெயருக்குப் பக்கத்தில் ‘பொருளாதார சேத நிலை’ என்றொரு கட்டம் இருக்கும். அதற்குள் ‘சதுர மீட்டருக்கு 2 முட்டைக் குவியல்’, ‘10 சதவீத இலைச் சேதம்’ என்று எண்கள். பலரும் அதைத் தாண்டிக்கொண்டு, என்ன மருந்து, ஏக்கருக்கு எத்தனை மில்லி என்ற கட்டத்துக்குப் போய்விடுகிறார்கள். கைக்காசை மிச்சப்படுத்துவது தாண்டிப் போகும் அந்தக் கட்டம்தான். நெல்லை வைத்தே பார்க்கலாம்.

நம்பிக்கை: சேத நிலை என்பது பயிர் சேதமாகிவிட்ட நிலை. அதுவரை காத்திருந்தால் கதை முடிந்தது.

உண்மை: இந்தக் குழப்பத்துக்கு விவசாயியைக் குறை சொல்லிப் பயனில்லை. கலிஃபோர்னியாவில் குதிரை மசால் பயிரை அசுவினி அழித்துக்கொண்டிருந்த காலத்தில், அங்குள்ள பூச்சியியலாளர்கள் ஸ்டெர்ன், ஸ்மித், வான் டென் பாஷ், ஹேகன் நால்வரும் 1959-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் இரண்டு அளவுகளைப் பிரித்துச் சொன்னார்கள். பூச்சியால் ஆகும் நட்டம், அதைக் கட்டுப்படுத்தும் செலவுக்கு ஈடாகும் எண்ணிக்கை ஒன்று. பூச்சி பெருகி அந்த எண்ணிக்கையைத் தொடாமல் தடுக்க நாம் வேலையைத் தொடங்க வேண்டிய எண்ணிக்கை இன்னொன்று. இது முதலாவதைவிடக் குறைவு. நம் கையேடுகளில் அச்சாகும் எண்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை. ஆனால் மேலே போட்டிருக்கும் பெயர் முதலாவதுக்கு உரியது. அந்த எண்ணை எட்டும்போது நட்டம் இன்னும் வந்திருக்காது, தடுக்க அவகாசம் இருக்கும்.

நம்பிக்கை: வயலில் ஒரு பூச்சிகூட இருக்கக் கூடாது.

உண்மை: கணக்குப் போட்டுப் பாருங்கள். மருந்துக்கும் தெளிக்கும் கூலிக்குமாக ஏக்கருக்கு 1,200 ரூபாய் ஆகிறது, நெல் கிலோ 24 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். மருந்தடிப்பதால் 50 கிலோ நெல்லாவது மிஞ்சினால்தான் போட்ட பணம் திரும்பும். பூச்சி தின்னப்போவது 20 கிலோதான் என்றால் அதைத் தின்னவிடுவதே லாபம். ‘பொருளாதார’ என்ற முன்னொட்டு அங்கே நிற்பது இதற்காகத்தான்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். நெல் விலை ஏறினால் இந்த எல்லை கீழே இறங்க வேண்டும். கூலி ஏறினால் மேலே போக வேண்டும். கையேட்டில் உள்ள எண்ணோ பதிப்புக்குப் பதிப்பு அப்படியே வருகிறது. அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, ஆனால் கண்ணால் பார்த்துக் குத்துமதிப்பாக முடிவெடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

நம்பிக்கை: முன்கூட்டியே ஓர் அடி அடித்துவிட்டால் நிம்மதி.

உண்மை: நெல்லில் அதிகப் பணம் விரயமாவது இந்த நிம்மதிக்காகத்தான். நட்ட சில வாரங்களில் இலைச்சுருட்டுப்புழு சுரண்டி இலை வெளுத்தால் பார்க்கப் பகீரென்றுதான் இருக்கும். ஆனால் தூர் வெடிக்கும் பருவத்தில் பயிர் புது இலையும் புதுத் தூரும் விட்டு அந்த இழப்பைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும். வியட்நாமின் மீகாங் டெல்டாவில், லாங் ஆன் மாகாணத்தில் 1994-ல் ஓர் இயக்கமே நடந்தது: விதைத்த முதல் 40 நாளைக்கு இலை தின்னும் புழுவுக்கு மருந்து வேண்டாம். கேட்டு நிறுத்தியவர்களுக்கு மகசூல் குறையவில்லை.

மருந்துச் செலவு வீண் என்பதோடு விஷயம் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. புகையான் விஷயத்தில் அந்த முதல் அடி எதிரியை வளர்த்தே விடுகிறது. புகையான் தன் முட்டையை இலையுறையின் திசுவுக்குள் செருகி வைக்கும். மேலே தெளிக்கும் மருந்து முட்டையை எட்டாது. எட்டுவது சிலந்திகளையும், புகையானின் முட்டையை உறிஞ்சும் மிரிட் நாவாய்ப்பூச்சிகளையும்தான். ஒரு வாரம் பத்து நாளில் முட்டை பொரிந்து குஞ்சுகள் வரும்போது வயலில் அவற்றைப் பிடித்துத் தின்ன ஆள் இருக்காது. தீய்ந்த திட்டுகள் வட்டவட்டமாகப் பரவுவது பல இடங்களில் இப்படித்தான். இந்தோனேசியா இதை நாடு முழுக்க அனுபவித்தது. அரசே மானியம் கொடுத்து மருந்தை ஊக்குவித்த நாடு, 1986-ல் அதிபர் ஆணை மூலம் 57 பூச்சிக்கொல்லிகளை நெல்லுக்குத் தடை செய்தது. அதன்பின் அங்கே நெல் உற்பத்தி சரியவில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் புகையானுக்குச் சொல்லும் அளவில் இந்தக் கணக்கும் அடங்கியிருக்கிறது: சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு 1 பூச்சி, குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு 2 வரை பொறுக்கலாம். குத்துக்கு ஒரே ஒரு சிலந்தி இருந்தால் போதும், எல்லை இரட்டிப்பாகிவிடுகிறது. சிலந்தியை எண்ணாமல் புகையானை மட்டும் எண்ணுவது பாதிக் கணக்கு.

நம்பிக்கை: ஒரு பூச்சிக்கு ஓர் எண்தான்.

உண்மை: பருவம் மாறினால் எண் மாறும். இலைச்சுருட்டுப்புழுவுக்கு வளர்ச்சிப் பருவத்தில் 10 சதவீத இலைச் சேதம்வரை பொறுக்கலாம். பூக்கும் பருவத்தில் கண்ணாடி இலையில் 5 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் மணிக்குப் பால் கட்ட உணவு அனுப்புவதில் பெரும்பங்கு அந்த இலைக்குத்தான். பச்சைத் தத்துப்பூச்சி வளர்ச்சிப் பருவத்தில் குத்துக்கு 5 வரை இருக்கலாம். துங்ரோ நோய் அடிக்கடி வரும் பகுதி என்றால் அதே பூச்சிக்கு எல்லை 2. அங்கே அது சாறு உறிஞ்சுவதோடு நிற்பதில்லை, வைரஸையும் சுமந்துவருகிறது.

நம்பிக்கை: வெண்கதிர் தெரிந்ததும் மருந்தடித்தால் தப்பிக்கலாம்.

உண்மை: வெளுத்த கதிர் திரும்பாது. குருத்துப்பூச்சியின் புழு தண்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. எண்ண வேண்டியது அதற்கு வெகு முன்பே, இலை நுனிப் பக்கம் பழுப்பு ரோமம் போர்த்தியிருக்கும் முட்டைக் குவியலை. நடவுக்கு முன் நாற்றின் நுனியைக் கிள்ளிவிடுவது இந்த முட்டைகளை வயலுக்குள் போகாமல் தடுக்கத்தான். செலவே இல்லாத வேலை, இப்போது யாரும் மெனக்கெடுவதில்லை.

எண்ணுவது எப்படி என்று கேட்பீர்கள். வரப்பில் நின்று ஓரத்துப் பயிரை மட்டும் பார்ப்பது கணக்காகாது. வயலுக்குள் இறங்கி மூலைக்கு மூலை நடந்து, அங்கங்கே ஒரு குத்தாக 20 குத்துகளைப் பாருங்கள். புகையான் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தூரடியில் இருக்கும். குனிந்து குத்தைச் சாய்த்துத் தட்டினால்தான் தெரியும். பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை, தூர் எத்தனை என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். மருந்துக் கடைக்குப் போகும் முன் அந்தத் தாளை உங்கள் பகுதி உதவி வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள்.